முன்னூறில் நின்ற பந்தயம்: குன்னூர்ப் பட்டறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கோடை சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையிலிருந்து ஏறிவந்த இளைஞர் ஒருவர் தம் 1340 சிசி சுசூகி ஹயபுசா மோட்டார் சைக்கிளை எங்கள் பட்டறை வாசலில் நிறுத்தினார். வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. சீசன் நெரிசலில் பர்லியாரிலிருந்து ஊர்ந்து வந்ததில் கிளட்ச் வாடை அடித்தது. எஞ்சின் ஆறட்டும் என்று அவரை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தேன்.

"அண்ணா, இந்த வண்டி முன்னூறு போகும் என்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து இங்கே வரும்வரை இரண்டாவது கியரைத் தாண்ட வாய்ப்பே கிடைக்கவில்லை. மேலே வர வர இழுவையும் குறைந்த மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?"

"உண்மையிலேயே குறைந்துதான் இருக்கிறது தம்பி. வண்டியின் குற்றமில்லை, காற்றின் கணக்கு அது" என்றேன்.

"அப்படியென்றால் இந்த முன்னூறு என்ற எண் எங்கிருந்து வந்தது? ஏன் முன்னூற்று இருபது இல்லை?"

அந்தக் கேள்விக்கு அன்று பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. அதற்குள் வேறு வண்டிகள் வந்துவிட்டன. அவருக்கும், பட்டறையில் தொழில் கற்கும் பையன்களுக்கும் சொல்ல நினைத்த முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். உலகின் மிக வேகமான சாலை மோட்டார் சைக்கிள் எது என்று ஜப்பானியக் கம்பெனிகள் 1990 முதல் 2000 வரை மோதிக்கொண்டதும், அந்த மோதல் உச்சத்தில் இருந்தபோதே தானாக நின்றுபோனதும்தான் நான் ஆராய எடுத்துக்கொண்ட நிகழ்வு.

அதற்கு முன்பு

பழைய கதையை விரைவாகவே கடந்துவிடலாம். 1920களில் இங்கிலாந்தின் பிரஃப் சுப்பீரியர் கம்பெனி, எஸ்எஸ் 100 என்ற வண்டியை மணிக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ. போகும் என்ற உத்தரவாதத்தோடு விற்றது. 1948-இல் வின்சென்ட் பிளாக் ஷேடோ 200 கி.மீ.யைத் தொட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு எண்ணிக்கையில் பெரிய நகர்வு இல்லை. 1969-இல் வந்த ஹோண்டா சிபி 750-உம் ஏறக்குறைய அதே 200-இல்தான் நின்றது. அந்த வேகத்தை எவரும் கடையில் வாங்கி, எண்ணெய் ஒழுகாமல் தினமும் ஓட்டலாம் என்று ஆக்கியதுதான் ஹோண்டாவின் சாதனை. 1972-இல் கவாசாகி இசட் 1 903 சிசியோடு வந்தது. 1984-இல் அதே கம்பெனியின் ஜிபிஇசட் 900 ஆர், திரவக் குளிர்விப்பும் பதினாறு வால்வுகளும் கொண்டு 240 கி.மீ.யைக் கடந்தது.

நம் ஊரில் அப்போது நிலைமை வேறு. 1983-இல் வந்த ராஜ்தூத் 350-ஐப் பார்த்தாலே கூட்டம் கூடும். 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 பதினொரு குதிரைத்திறனை வைத்துக்கொண்டே மலையேற்றத்தில் பெரிய வண்டிகளைத் திணறடித்தது. நான் உதவியாளாகச் சேர்ந்த காலத்தில் எங்கள் கைகளில் இருந்தவை இவைதாம். ஜப்பானின் பெரிய வண்டிகளைப் படத்தில் மட்டுமே பார்த்தோம். தேயிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் படித்து முடித்த வெளிநாட்டு மோட்டார் இதழ்களைக் கட்டுக் கட்டாகப் பட்டறைக்குக் கொடுத்தனுப்புவார். மழைக்கால மாலைகளில் அந்தப் படங்களை விரித்துவைத்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பேசியிருக்கிறோம்.

பத்து ஆண்டுப் போட்டி

1990-இல் கவாசாகி இசட்இசட்ஆர் 1100 வந்தது. அமெரிக்காவில் அதன் பெயர் நிஞ்சா இசட்எக்ஸ் 11. 1052 சிசி, 147 குதிரைத்திறன், இதழ்களின் சோதனையில் மணிக்கு 283 கி.மீ. முகப்பில் ஒரு துளை. ஓடும் வேகத்தில் மோதும் காற்று அதன் வழியாகவே அழுத்தத்தோடு எஞ்சினுக்குள் போகும். ராம் ஏர் என்று எல்லோரும் இன்று சொல்கிற ஏற்பாடு அதுதான். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வண்டியை எவராலும் முந்த முடியவில்லை. இவ்வளவு நீண்ட ஆட்சி பிறகு வேறு எந்த வண்டிக்கும் எளிதில் வாய்க்கவில்லை என்பதால் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

1996-இல் ஹோண்டா பதில் சொன்னது. சிபிஆர் 1100 எக்ஸ்எக்ஸ் சூப்பர் பிளாக்பேர்ட், 1137 சிசி, 164 குதிரைத்திறன். முந்தியது என்னவோ சில கிலோமீட்டர்தான். ஆனாலும் எஞ்சினில் இரண்டு சமன்செய்யும் தண்டுகளை வைத்து அதிர்வை அடக்கியிருந்தார்கள். முன் பிரேக்கைப் பிடித்தாலும் பின் பிரேக்கைப் பிடித்தாலும் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து வேலை செய்யும்படி இணைத்திருந்தார்கள். வேகமான வண்டியை நல்ல வண்டியாகவும் செய்ய வேண்டும் என்ற அக்கறை அதன் ஒவ்வொரு பாகத்திலும் தெரிகிறது. இந்தப் பத்து ஆண்டுகளில் வந்தவற்றில் சிறந்த மோட்டார் சைக்கிள் எது என்று கேட்டால் நான் பிளாக்பேர்டைத்தான் சொல்வேன். மூன்றே ஆண்டுகளில் ஓர் எண் அதன் புகழைத் தட்டிப் பறித்துக்கொண்டது என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அந்த எண் 312. 1999-இல் சுசூகி ஜிஎஸ்எக்ஸ் 1300 ஆர் ஹயபுசா வந்தது. 1299 சிசி, 175 குதிரைத்திறன். சோதனைகளில் 303 முதல் 312 கி.மீ. வரை பதிவானது. அதுவரை முந்தியவர்கள் எல்லாம் ஒரு முழம் முந்தினார்கள் என்றால், சுசூகி ஒரு தெருவையே தாண்டிப் போய்விட்டது. வேகமானியில் 350 வரை எண் போட்டிருந்தார்கள்.

பெயர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு பறவைகளும் எங்கள் ஊர்க்காரர்கள். ஹோண்டாவின் பிளாக்பேர்ட், அமெரிக்காவின் எஸ்ஆர் 71 உளவு விமானத்தின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. 1976-இல் மணிக்கு 3,529 கி.மீ. பறந்து சாதனை படைத்த விமானம் அது. சுசூகி அந்தப் பெயரைப் பறவையாகவே எடுத்துக்கொண்டது. ஹயபுசா என்றால் ஜப்பானிய மொழியில் வல்லூறு. இரையைப் பார்த்து மேலிருந்து பாயும்போது மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுகிற அந்தப் பறவை, பிளாக்பேர்ட் போன்ற சிறு பறவைகளைத்தான் வேட்டையாடும். நீலகிரியின் வீட்டுத் தோட்டங்களில் விடியற்காலையில் ஆரஞ்சு அலகோடு உட்கார்ந்து இசைக்கிறதே, கரிய நிறப் பறவை, அது பிளாக்பேர்டின் நெருங்கிய உறவு. செங்குத்துப் பாறைகளில் கூடுகட்டும் ஷாஹீன், வல்லூறின் இந்தியக் கிளை. ஜப்பானில் விளம்பரத்துக்காகக் கோத்த சண்டை, குன்னூர்ப் பள்ளத்தாக்கில் எந்த விளம்பரமும் இல்லாமல் தினமும் நடக்கிறது.

எஞ்சினா, காற்றா?

இந்தப் போட்டியைப் பெரும்பாலோர் எஞ்சின்களின் போட்டியாகவே சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

வேகம் கூடக் கூடக் காற்று தடுக்கும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 283-இலிருந்து 312-க்குப் போவது நூற்றுக்குப் பத்துதான் கூடுதல். ஆனால் அதற்குத் திறன் நூற்றுக்கு முப்பத்துநான்கு கூட வேண்டும். 283-க்கு 147 குதிரைத்திறன் செலவானது என்றால், 312-க்கு ஏறக்குறைய 197 வேண்டியிருக்கும். ஹயபுசாவிடம் இருந்தது 175 மட்டுமே. மீதி இருபத்திரண்டை எங்கிருந்து எடுத்தார்கள்? உடம்பின் வடிவத்திலிருந்து. டயர் உராய்வையும் சங்கிலி இழப்பையும் விட்டுவிட்ட தோராயக் கணக்குத்தான் இது என்றாலும் திசையைச் சரியாகவே காட்டுகிறது.

ஹயபுசா வந்த புதிதில் அழகற்ற வண்டி என்று பலர் முகம் சுளித்தார்கள். உப்பிய முகப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய விளக்குகள், முதுகில் திமில். அத்தனையும் காற்றுச் சுரங்கத்தில், அதாவது காற்றை வேகமாக வீசிச் சோதிக்கும் கூடத்தில், செதுக்கிய வளைவுகள். விளக்குகளை மேலும் கீழுமாக அடுக்கினால்தான் முகப்பு ஒடுங்கும், அவற்றின் இருபக்கமும் ராம் ஏர் துளைகளுக்கு இடம் கிடைக்கும். ஓட்டுபவர் தாழ்ந்து படுத்தால் அந்தத் திமில் அவர் முதுகுக்குப் பின்னால் காற்றைச் சுழலவிடாமல் வழுக்கி அனுப்பும். என் கண்ணுக்கு அது அன்றும் அழகுதான். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருக்கிறதென்று தெரிந்த பிறகு அதை எப்படி அழகில்லை என்று சொல்வது?

ராம் ஏர் பற்றியும் ஒரு தவறான எண்ணம் ஊன்றிப்போயிருக்கிறது. அது ஏதோ காற்றை அழுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போ மாதிரி என்று பையன்கள் நினைக்கிறார்கள். மணிக்கு 312 கி.மீ. வேகத்தில் மோதும் காற்றை ஒரு துளியும் சிந்தாமல் பிடித்தால்கூட, கிடைக்கும் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு நான்கரை அளவுதான். நூறு கி.மீ. வேகத்தில் அது அரைகூட வராது.

இனி கோவை இளைஞரின் இழுவைக் குறைவுக்கு வருகிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குன்னூர் 1,850 மீட்டர். இங்கே ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் ஒவ்வொரு முறையும் இழுக்கிற மூச்சில் அந்த அளவு ஆக்சிஜன் குறைந்துபோகிறது. ஆக, ஜப்பானிய விற்பன்னர்கள் பல ஆண்டு உழைத்து ராம் ஏரில் சேர்த்த நாலரையைப் போல மூன்று மடங்குக்கும் மேலானதை மேட்டுப்பாளையம் சாலை ஒன்றரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டுவிடுகிறது.

கார்புரேட்டர் காலத்தில் இது உடனே கண்ணுக்குத் தெரியும். சமவெளியிலிருந்து வந்த ஆர்எக்ஸ் 100-இன் பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். காற்று குறைந்தும் பெட்ரோல் அதே அளவில் இறங்குவதால் வந்த கரி. பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டில் ஒரு நம்பர் குறைத்து, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திறந்துவிட்டால் வண்டி மூச்சுவிடும். திரும்பி இறங்குவதற்கு முன் பழையபடி மாற்றிக்கொள்ள வேண்டும். மறந்தால் கீழே போய் எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இன்றைய வண்டிகளில் சென்சார் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துவிடுகிறது. அதனால் புகை இல்லை, கரி இல்லை. ஆனால் இல்லாத ஆக்சிஜனை எந்தச் சென்சாரும் உண்டாக்கித் தராது.

வியப்பான செய்தி ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. காற்று மெலிந்தால் எஞ்சினின் திறன் எவ்வளவு குறைகிறதோ, ஏறக்குறைய அதே அளவு காற்றுத் தடையும் குறைகிறது. அதனால் ஊட்டி உயரத்தில் வளைவில்லாத ஒரு நெடுஞ்சாலை இருந்தால், ஹயபுசாவின் உச்ச வேகம் பெரிதாகக் குறைந்துவிடாது. அந்த வேகத்தை எட்ட எடுக்கும் நேரம்தான் நீளும். மலையில் நாம் இழப்பது இழுவையை. உச்ச வேகத்துக்கு இங்கே சாலையே கிடையாது. மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு. முதல் கியரிலேயே நூறைத் தாண்டுகிற வண்டிக்கு மற்ற ஐந்து கியர்களும் இங்கே சுமைதான்.

உச்சத்தில் வந்த நிறுத்தம்

ஹயபுசாவுக்குப் பதில் சொல்லக் கவாசாகி தயாராகிக்கொண்டிருந்தது. இசட்எக்ஸ் 12 ஆர், 1199 சிசி. வண்டியின் சட்டகத்தையே பெட்டி மாதிரி ஒரே கூடாக அலுமினியத்தில் செய்து, அதற்குள்ளேயே காற்று வடிப்பானையும் அடக்கியிருந்தார்கள். முகப்பின் பக்கவாட்டில் சிறு இறகுகள்கூட இருந்தன. மணிக்கு 200 மைல், அதாவது 322 கி.மீ.யைத் தாண்டும் என்று உலகமே எதிர்பார்த்தது. 2000-இல் வண்டி வந்தது. 300-ஐ ஒட்டியே நின்றது.

2001-க்குள் ஹயபுசாவும் 299-இல் கட்டுண்டது. வேகமானியில் 350 என்ற எண் காணாமல் போயிற்று. எந்த அரசும் அப்படி ஒரு சட்டம் போடவில்லை. எவரும் கையெழுத்திட்ட காகிதமும் வெளியே வரவில்லை. கம்பெனிகள் தங்களுக்குள் வாய்மொழியாக ஒத்துக்கொண்டன.

ஏன்? வழக்கமாகச் சொல்லும் காரணம் ஐரோப்பாவைப் பற்றிய அச்சம். 300-ஐ ஒரு வண்டி தாண்டியதும் அங்கே இத்தகைய மோட்டார் சைக்கிள்களைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. பிரான்சில் ஏற்கெனவே நூறு குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2016 வரை அந்த விதி நீடித்தது. ஒரு நாட்டின் சட்டம் கண்டம் முழுதும் பரவினால் பெரிய வண்டிகளின் சந்தையே போய்விடும். இந்த அச்சம் நியாயமானது, நானும் மறுக்கவில்லை.

ஆனால் அச்சம் மட்டுமே போட்டியாளர்களை ஒரு மேசையில் உட்காரவைத்துவிடாது. இரண்டு விஷயங்களைக் கூடச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, இவர்களுக்கு இது பழக்கமான வழி. தங்கள் நாட்டில் 750 சிசிக்கு மேல் விற்பதில்லை என்று ஜப்பானியக் கம்பெனிகள் நெடுங்காலம் தாங்களாகவே கட்டுப்பட்டிருந்தன. அது தளர்ந்த பிறகும் உள்நாட்டு வண்டிகளுக்கு நூறு குதிரைத்திறன் என்று ஒரு வரம்பு வைத்திருந்தன. எதிராளியும் வரம்பை மதிப்பான் என்ற நம்பிக்கை அந்த வட்டத்தில் ஏற்கெனவே வேரோடியிருந்தது.

இரண்டாவது, மேலே போட்ட அதே மும்மடிக் கணக்கு. 312-இலிருந்து 340-க்குப் போக இன்னொரு முப்பது சதவீதத் திறன் வேண்டும். வடிவத்தில் பிழிந்தெடுக்க மிச்சமிருந்தது கொஞ்சமே. டயரும் அதோடு சேர்ந்து வர வேண்டும். 300 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 83 மீட்டர். கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு நொடி போய்விட்டால், அதன்பின் மிக நன்றாகப் பிடித்தாலும் நிற்க இன்னும் 350 மீட்டர் வேண்டும். அடுத்த படிக்கு ஆகும் செலவு ஒவ்வொரு கம்பெனிக்கும் பெரிது, வாங்குபவருக்குக் கிடைப்பது அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட ஓட்டாத ஓர் எண். எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எவருக்கும் இழப்பில்லை. அதனால்தான் சட்டத்தின் துணையின்றியே அந்தச் சொல் நின்றது என்று நினைக்கிறேன்.

நின்ற பிறகு உழைப்பு எங்கே போயிற்று என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2006-இல் கவாசாகி இசட்எக்ஸ் 14, 1352 சிசி. 2008-இல் ஹயபுசா 1340 சிசி, 197 குதிரைத்திறன். 2012-இல் கவாசாகி 1441 சிசி. எஞ்சின் வளர்ந்துகொண்டே போனது, உச்ச வேகம் மட்டும் அசையவில்லை. 2021-இல் மூன்றாம் தலைமுறை ஹயபுசா வந்தபோது திறன் 190-ஆகக் குறைந்தே இருந்தது. நடுத்தர வேகத்தில் இழுவையும், பிரேக்கும், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணுவும் கூடியிருந்தன. அதற்காக எவரும் அதைப் புறக்கணித்துவிடவில்லை.

வரம்பை மீறியவர்கள் இல்லாமலும் இல்லை. 2007-இல் இத்தாலியின் எம்வி அகுஸ்டா, எஃப் 4 ஆர் 312 என்று வேகத்தையே பெயரில் பொறித்து விற்றது. 2015-இல் கவாசாகி நிஞ்சா எச் 2 ஆர் வந்தது. 998 சிசி எஞ்சினில் சூப்பர்சார்ஜர், 310 குதிரைத்திறன். மோதும் காற்றை நம்பாமல் காற்றைத் தானே அழுக்கி உள்ளே தள்ளும் வண்டி. 2016 ஜூன் 30 அன்று துருக்கியில், திறப்பு விழாவுக்குக் காத்திருந்த உஸ்மான் காசி பாலத்தில் பந்தய வீரர் கெனான் சோஃபுஓலு அதை 26 நொடிகளில் 400 கி.மீ.க்குக் கொண்டுபோனார். ஆனால் அது பந்தயத் தடத்துக்கு மட்டுமே விற்கப்படும் வண்டி. சாலைக்கான எச் 2-க்கு 200 குதிரைத்திறனும் வேகக் கட்டும் போட்டே அனுப்பினார்கள். வரம்பு அவர்கள் மனத்தில் இன்னும் இருந்தது.

இறக்கம்

தேநீர் முடிந்து கிளம்பும்போது அந்த இளைஞரிடம் ஒரே ஒரு கணக்கு சொன்னேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறக்கம் 1,524 மீட்டர். அந்த உயரத்திலிருந்து இறங்கும் வண்டியிடம் உள்ள ஆற்றல் முழுவதையும் வழியிலேயே செலவழித்தாக வேண்டும். அது 300 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியை நான்கு முறைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமம். வண்டி பெரிதோ சிறிதோ, ஆர்எக்ஸ் 100 ஆனாலும் ஹயபுசா ஆனாலும் இந்த விகிதம் மாறாது.

"அவ்வளவும் பிரேக்கிலா அண்ணா?"

"பிரேக்கை மட்டும் நம்பினால் எண்ணெய் கொதித்து லீவர் உள்ளே போய்விடும். முதல் கியரிலும் இரண்டாவதிலும் வையுங்கள். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி டிஸ்க் ஆறட்டும்."

சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். வழியில் நான்கு இடங்களில் நிறுத்தினாராம். இரண்டாவது கியரைத் தாண்டவில்லையாம். அடுத்த முறை வரும்போது பழைய கார்புரேட்டர் ஜெட்டுகள் இருந்தால் காட்டும்படி கேட்டார். தகரப் பெட்டியில் எல்லா நம்பரும் வைத்திருக்கிறேன், எடுத்துத் துடைத்து வைக்கிறேன் என்று சொன்னேன்.